இறகா நைலானா? ஆட்டம் தேற எது உதவும்

பேட்மிண்டனில் மூன்று வருடம் நைலான் ஷட்டிலில் ஆடிவிட்டுப் போன வருடம்தான் இறகுக்கு மாறினேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாயங்காலம் ஆடுகிறவர்களில் பலர் "இறகெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்று நைலானோடு நின்றுவிடுகிறார்கள். ஆட்டம் தேற வேண்டுமென்றால் இறகுதான் என்பது என் கட்சி.

வெளியில் கோடு போட்டு ஆடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்த ஷட்டிலையும் விட்டுவைக்காது. உள்ளரங்கில் ஆடுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நைலான் மலிவு, ஒன்று வாங்கினால் பல நாள் வரும். கார்க்கில் இருக்கும் பட்டையைப் பார்த்து வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம்: பச்சை மெதுவு, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். புதிதாக ராக்கெட் பிடிக்கிறவர்களும் பிள்ளைகளும் அதிலேயே தொடங்கட்டும். அடி தவறிப் பட்டால் இறகு உடனே முறியும்.

வித்தியாசம் பறக்கிற விதத்தில் இருக்கிறது. இறகு ஷட்டிலில் 16 இறகு, எடை ஏறக்குறைய 5 கிராம். அடித்ததும் சீறிக் கிளம்பும், பாதி வழியில் வேகம் குறைந்து கடைசியில் செங்குத்தாக இறங்கும். நைலான் தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். என் கிளியர், அதாவது எதிராளியின் பின்கோட்டுக்கு உயரமாகத் தூக்கும் அடி, பின்கோடு வரை போகிறது என்று நம்பியிருந்தேன். இறகு எடுத்த முதல் வாரம் அதே அடி நடுக்கோர்ட்டில் விழுந்தது. தோளைத் திருப்பாமல் கையால் மட்டும் அடித்து வந்தது அப்போதுதான் புரிந்தது. மெல்லத் தட்டி நெட்டுக்கு அருகே இறக்கும் டிராப்பிலும் அப்படித்தான்: நெட்டை ஒட்டி விழவைக்கும் பழக்கம் இறகில்தான் கைக்கு வந்தது.

சரி, செலவு? இங்கேதான் பராமரிப்பு முக்கியம். மாசி, பங்குனியில் எங்கள் ஊர் வெயிலுக்கு இறகு காய்ந்து, இரண்டு ஸ்மாஷுக்கே முறியும். கூட ஆடுகிற சித்தூர் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார்: "தம்பி, ஆவி காட்டி ராத்திரி மூடி வை." குழாய் டப்பாவின் இரண்டு மூடியையும் கழற்றி, கெண்டி ஆவியில் இறகுப் பக்கத்தைச் சில நொடி பிடிக்க வேண்டும். கார்க் நனையக் கூடாது, நனைந்தால் கனம் கூடி ஷட்டில் வேகமாகிவிடும். பிறகு மூடிவைத்து மறுநாள் ஆட வேண்டும். நாலு பேர் இரண்டு மணி நேரம் ஆடினால் நாலு ஷட்டில் போய்க்கொண்டிருந்தது, இப்போது இரண்டு அல்லது மூன்றுதான். பங்கு போட்டால் தாங்குகிறது.

டப்பாவில் போட்டிருக்கும் வேக எண்ணையும் பாருங்கள். சூட்டில் காற்று லேசாகி ஷட்டில் நீளப் போகும், அதனால் இங்கே 75, 76 போன்ற குறைந்த எண், அதாவது மெதுவான ஷட்டில், நல்லது. வேகம் சரிதானா என்று பார்க்க, பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழ வேண்டும். சோதிக்காமல் டப்பா டப்பாவாக வாங்காதீர்கள்.

நான் ஆடியது வாத்து இறகு மட்டும். அதைவிட விலை கூடிய கூஸ் (பெருவாத்து) இறகு பற்றி என் வாக்கை நம்பி வாங்க வேண்டாம். அப்புறம், ஒன்றிரண்டு இறகு முறிந்ததை எறியாதீர்கள். நான் ஒரு பையில் சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வீஸும் நெட் அடியும் பழகுகிறேன்.