ஜேஜம்மா, அப்சரா, ஸ்வப்னா: மூவரில் யார் கெட்டிக்காரி?

பேய்ப்படத்துத் துணிச்சல்காரி என்றதும் பலரும் ‘அருந்ததி’யைத்தான் (2009) சொல்வார்கள். அடுத்ததாக ‘மாயா’வையும் (2015) ‘கேம் ஓவர்’ஐயும் (2019) சொல்பவர்கள் நடுவில் சண்டை ஓயாது. இந்த இரண்டும் அஸ்வின் சரவணன் இயக்கியவை. முடிவுகளையும் உடைத்தே பேசவேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

‘அருந்ததி’, கோடி ராமகிருஷ்ணாவின் தெலுங்குப் படம். தமிழில் டப்பாகி வந்தது. அமானுஷ்யத்துக்கு என்ன சட்டம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் அதன் பெரிய பலம். வில்லன் பசுபதியைக் கொன்றால் ஆவியாகி இன்னும் வலுப்பெறுவான், அதனால் உயிரோடு சமாதி வைக்கிறார்கள். மந்திரம் சொல்லிவிடக் கூடாது என்று நாக்கை அறுக்கிறார்கள். சமஸ்தானத்து இளவரசி ஜேஜம்மா அவன் முன் ஆடும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். மயக்குவதற்கான ஆட்டம்போலத் தொடங்குகிறது, ஆனால் எப்போது தாக்குவது என்ற கணக்கு தாளத்துக்குள்ளேயே ஓடுகிறது. ஜேஜம்மாவாக நடிக்கும் அனுஷ்காவின் கண் ஒரு நொடிகூட அதை விட்டுக்கொடுக்காது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வீரமெல்லாம் ஜேஜம்மாவுடையது. அவளுடைய மறுபிறவியான அருந்ததி நெடுநேரம் மிரண்டு ஓடுகிறாள். ஜேஜம்மாவின் எலும்பில் செய்த ஆயுதம் கைக்கு வந்தபிறகுதான் நிமிர்கிறாள். அந்த ஆயுதம் வேலை செய்ய அருந்ததியின் சொந்த ரத்தம் வேண்டும் என்று வைத்தார்களே, அது ஒன்றுதான் அவளைக் காப்பாற்றுகிறது. அதுவும் இல்லாவிட்டால் அவள் வெறும் வாரிசு.

‘மாயா’வின் நேர்த்தி, ‘இவள் ஏன் உள்ளே போனாள்?’ என்ற கேள்விக்கு அது தரும் பதிலில் இருக்கிறது. பேய்ப்படங்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். அப்சரா கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள், கழுத்துவரை கடன். ஒரு படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டால் 5 லட்சம் ரூபாய் என்கிறார்கள். போகிறாள். யாரும் ‘லூசா இவள்’ என்று கேட்கமுடியாது. ஆனால் இன்னொரு இழையாக ஓடும் ஓவியர் வசந்தின் கறுப்பு வெள்ளைக் கதை பாதிப் படத்தை எடுத்துக்கொள்கிறது, இரண்டும் ஒட்டுவது கடைசியில்தான். படம் மெதுவாகப் போகிறது என்று குறைபடுவோர் பலர். வேகத்தைவிட, ஆபத்து அப்சரா பக்கம் வந்துசேரத் தாமதமாவதுதான் உண்மையான காரணம். பயத்துக்கு இந்தப் படம், நாயகிக்கு அல்ல.

நாயகிக்கு என்றால் ‘கேம் ஓவர்’தான், தயங்காமல் சொல்லலாம். ஸ்வப்னாவுக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு, சக்கர நாற்காலி, இருட்டு என்றாலே மூச்சுத் திணறல். தப்பித்து ஓடும் வாய்ப்பையே கதை பறித்துவிடுகிறது. கையில் குத்திய பச்சையில் கொலையுண்ட அமுதாவின் சாம்பல் கலந்திருக்கிறது. காரணமே தெரியாமல் அந்த இடம் வலிக்கத் தொடங்கும். அமானுஷ்யம் கதவைத் தட்டி வருவதில்லை, தோலுக்கடியில் இருக்கிறது. பிறகு, வீடியோ கேம்போல மூன்று உயிர். ஒன்றில் செத்தால் அடுத்ததில் எழுகிறாள், போன தடவை எங்கே தவறினாள் என்ற நினைவோடு. அவளுடைய துணிச்சல் நம் கண்முன்னே ஒவ்வொரு படியாக ஏறுகிறது. யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. ஸ்வப்னாவாக நடிக்கும் டாப்ஸி இதை முகத்தில் காட்டுகிறார்: முதல் உயிரில் உறைந்துபோன அதே கண், கடைசியில் அறையை அளக்கிறது.

கொலைகாரர்கள் யார், ஏன் கொல்கிறார்கள் என்று சொல்லவே இல்லை என்பது பலரின் குற்றச்சாட்டு. அதை ஏற்க முடியவில்லை. ஸ்வப்னாவுக்குத் தெரியாததைப் படம் நமக்கு மட்டும் சொல்லியிருந்தால் அந்த மூன்று உயிரின் பதற்றம் பாதியாகியிருக்கும். அமுதாவின் அம்மா வந்து மகளின் கதையைச் சொல்லும் இடம் மட்டும் நீளம். பார்வையாளர் ஏற்கெனவே ஊகித்ததை வசனம் மறுபடி விளக்குகிறது.

இன்னொன்றையும் அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஜேஜம்மா சமஸ்தானத்துக்காக நிற்கிறாள், அப்சரா குழந்தைக்காக. ஸ்வப்னாவோடு அந்த வீட்டில் இருப்பது வேலை செய்யும் கலாம்மா ஒருத்திதான். கடைசி உயிரில் நாற்காலியிலிருந்தபடி போராடும்போது, இருவரும் பிழைக்க என்ன வழி என்றே யோசிக்கிறாள்.