உப்புக்காற்றில் காயிலோவர்: போலோ ஜிடி டிஎஸ்ஐ அனுபவம்

என் ஊர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். கார் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. கம்பெனி சஸ்பென்ஷன் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாக வளைவில் திருப்பினால் வண்டி சாய்வது பிடிக்கவில்லை. அதனால் காயிலோவருக்கு மாறினேன். ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும், ஷாக்கின் உடம்பில் உள்ள மரையில் வளையத்தைத் திருகி வண்டியின் உயரத்தை மாற்றலாம், அதுதான் காயிலோவர்.

காயிலோவர் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எத்தனை கிளிக் இருக்கு?” என்றுதான். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். எங்கள் கரையில் முதலில் கேட்க வேண்டியது, மரை எந்த உலோகம் என்று. விலை குறைந்த செட்டுகள் பலவற்றில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதன்மேல் அலுமினிய வளையம். உப்பு ஈரம் ஏறினால் முதலில் பூச்சு போகும், அடுத்து இரும்போடு ஒட்டி இருக்கும் அலுமினியம் அரிக்கும். நண்பர் ஒருவர் காரில் உயரத்தை மாற்றப் பார்த்தோம். மரை இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. வளையத்தைத் திருக்கும் கொக்கி போன்ற சி ஸ்பேனரை மாட்டித் தட்டியதில் வளையத்தின் பல்தான் பெயர்ந்து வந்தது, வளையம் அசையவே இல்லை. “அண்ணே, இனி அறுத்துத்தான் எடுக்கணும்” என்றார் மெக்கானிக்.

அதனால் நான் எடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு கொண்ட கேடபிள்யூ என்ற ஜெர்மன் கம்பெனியின் வேரியன்ட் 2 செட். விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் இத்தனை மழைக்காலம் தாண்டியும் வளையம் கையாலேயே சுழல்கிறது.

உயரத்தைத் தவிர இதில் ரீபவுண்டை மட்டும்தான் மாற்றலாம். அதாவது அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பதை. பாம்பன் சாலைப் பாலத்தில் இதன் அருமை தெரியும். ரீபவுண்டை இறுக்கி வைத்தால் பாலத்தின் ஓர் இணைப்பில் அமுங்கிய ஸ்பிரிங் எழும்பும் முன்பே அடுத்தது வந்துவிடும். வண்டி கீழேயே உட்கார்ந்துகொண்டு தடதடக்கும். நாலு கிளிக் தளர்த்தினேன், சரியாகிவிட்டது. தொண்டிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது மட்டும் மறுபடி இறுக்குவேன்.

இன்னொன்று. போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. எந்தக் கம்பெனி செட் வாங்கினாலும் பெரும்பாலும் உண்மையான காயிலோவர் முன்பக்கம்தான். பின்னால் ஸ்பிரிங்கோடு ஒரு உயர அட்ஜஸ்டர் வரும், அவ்வளவே.

அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்தபிறகு தனுஷ்கோடிக்குக் காரிலேயே போய்விடுகிறோம். காற்றுக் காலத்தில் மணல் பறந்து சாலைமேல் ஓடும். ஷாக்கின் ராடை மூடும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மணல் ராடில் ஒட்டி ஆயில் சீலைக் கீறும், அப்புறம் ஷாக் கசியும். போய்வந்த அன்றே அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடிக்கிறேன். உறைமேல் நேராகப் பிரஷர் அடிக்க விடுவதில்லை.

ரொம்பத் தாழ்த்த வேண்டாம். நான் 20 மி.மீ. மட்டுமே இறக்கினேன், உச்சிப்புளி வரைக்குமே வேகத்தடைகள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டில் “முதுகு வலிக்குது” என்ற புகார் இன்னும் ஓயவில்லை, அதையும் கணக்கில் வையுங்கள். உப்புக்காற்று இல்லாத மதுரைக்கு அந்தப் பக்கம் ஓட்டுபவர் என்றால் விலை குறைந்த செட்டே போதும். மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்ட்டி சீஸ் பசையை மரையில் தடவிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.