எங்கள் ஊர் பால்வாடியும் அதற்குப் போகும் சாலையும்

கல்குளம் வட்டத்தில், திங்கள்சந்தையிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்திற்கு, என் மூன்று வயது மகனைப் பதினோரு மாதங்களாகச் சைக்கிளில் அழைத்துச் செல்கிறேன். பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று அக்கம்பக்கத்துத் தாய்மார் கேட்டுக்கொண்டே இருப்பதால், நான் கண்டதை எழுதுகிறேன். சேர்க்கலாம், தயங்க வேண்டாம். ஆனால் எந்த நேரத்திற்கு, எந்த வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் இந்தச் சேவை தாய்மாரைக் கைவிடுகிறது.

மையத்திற்குள் நடப்பதில் எனக்குக் குறையில்லை. வாரத்தில் மூன்று நாள் முட்டை தருகிறார்கள். மஞ்சள் கருவைத் துப்பிவிடும் என் மகனுக்கு, உதவியாளர் அக்கா அதைச் சோற்றோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, மற்றப் பிள்ளைகளின் நடுவில் உட்கார வைத்துக் கொடுக்கிறார். வீட்டில் நான் பாடாய்ப்பட்டும் நடக்காதது அங்கே நடக்கிறது. இரண்டாம் மாதம் எடை பார்த்தபோது அவன் எடை கூடாமல் நின்றதைக் கவனித்த டீச்சர், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, போய் வந்தேனா என்று மறுநாளே விசாரித்தார். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்ததன் பலனை அந்தச் சிறிய சீட்டில் உணர்ந்தேன்.

நேரம்தான் பெரிய இடர். மையம் பத்து மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்குள் அடைக்கப்படுகிறது. அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள் எட்டு மணிக்கு முன்பே வீட்டிலிருந்து இறங்கிவிடுவார்கள். ரப்பர் விளைகளில் (தோட்டங்களில்) பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பாட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஒழுங்காக வருகிறார்கள் என்பதே இதன் விளைவு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் இருந்து அண்டிப்பருப்பின் தோலெடுக்கும் பெண்ணுக்கும், ஒன்றிரண்டு ஏக்கர் விளையில் பால்வெட்டும் பெண்ணுக்கும் அந்த எண்ணிக்கையில் இடமில்லை. அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த ஒன்றிய அரசின் பால்னா திட்டம் வழிசெய்கிறது. ஊராட்சிக்கு ஒரு மையமாவது அப்படிக் காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை இயங்க வேண்டும். அதற்குத் தனிப் பணியாளர் வேண்டும். பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியிலும் பதிவு செய்துகொண்டிருக்கும் அதே டீச்சரின் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமாகாது.

இனி, சாலை. ஒன்றரைக் கிலோமீட்டர்தான். இரு பக்கமும் கையாலை (எல்லைச் சுவர்) உயர்ந்து நிற்க, ஏற்றமும் இறக்கமுமாக வளைந்து போகும், குமரி மாவட்டத்திற்கே உரிய ஒடுங்கிய வழி. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மண்ணால் மூடிய ஓரம், ஆனி மழையில் உள்வாங்கிக் கிடந்தது. எதிரே கனிம லாரி ஒன்று வந்தபோது ஒதுங்க வேறு இடமில்லாமல் அந்தப் பள்ளத்தில் இறக்கினேன். முன்சக்கரம் புதைந்து நின்றது. முன்னால் கட்டியிருந்த சின்ன இருக்கையில் இருந்த மகனின் தாடை ஹேண்டில்பாரில் இடித்து இரத்தம் கசிந்தது. காயம் ஒரு வாரத்தில் ஆறியது. இன்றும் லாரிச் சத்தம் கேட்டால் அவன் என் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறான்.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளும் இதே ஓரத்தில்தான் போகிறார்கள். வண்டியைக் கொடுக்கும் அரசு, அது ஓடுவதற்கு மூன்றடி ஓரத்தையும் கொடுக்க வேண்டாமா? மையம் சமூக நலத்துறையின் பொறுப்பு, சாலை வேறு நிர்வாகத்தின் பொறுப்பு என்று பிரிந்து கிடப்பதால், வீட்டு வாசலிலிருந்து மையத்தின் வாசல் வரையுள்ள குழந்தையின் பயணத்தைப் பார்ப்பார் யாருமில்லை.

இங்குள்ள எல்லாச் சாலைகளையும் அகலப்படுத்தித் தனிப் பாதை போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கையாலைகளை இடித்து வீட்டு முற்றங்களை எடுப்பதையும் நான் விரும்பவில்லை. ஆனால் சானல்கரை இருக்கிறதே! பட்டணங்கால் போன்ற பாசனக் கால்வாய்கள் தண்ணீர் தானாக ஓடும்படி மேட்டைச் சுற்றி மெல்லிய சரிவில் வெட்டப்பட்டவை. ஆகவே அவற்றின் கரையில் மூச்சுவாங்கும் ஏற்றம் கிடையாது. எங்கள் ஊர் சானல்கரையைப் புதர் நீக்கிச் செம்மண் போட்டு இறுக்கி, தண்ணீர்ப் பக்கம் தடுப்பு வைத்தால், மையத்திற்கு லாரியே வராத வழி கிடைத்துவிடும்.

அக்டோபர் 2 கிராம சபையில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சானல்கரைப் பாதை, குழாய்ப் பள்ளத்தை மூடித் தார் போடுதல், பிள்ளைகள் போய்வரும் நேரத்தில் லாரிகளுக்குத் தடை. பதினேழு தாய்மார் கையெழுத்திட்டார்கள். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் அதுவரை வழியிலுள்ள பாலத்துக்கு முந்தைய வளைவில் சைக்கிளிலிருந்து இறங்கி, பிள்ளையைக் கையாலைப் பக்கமாக நடத்திக் கூட்டி வாருங்கள்.