டைல்ஸ் போட யாரைக் கூப்பிடுவது: காண்ட்ராக்டர் ஆளா, கடைக்காரர் சொன்னவரா, ஏரியா மேஸ்திரியா?

டைல்ஸ் வேலை வருகிற நேரத்தில் வீடு கட்டுகிறவர் கையில் காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. ஆயிரம் சதுர அடிக்கு, அடிக்கு 5 ரூபாய் குறைத்தால் 5,000 மிச்சம் என்று கணக்குப் போட்டு ஆளைப் பிடிப்போம். நானும் அப்படித்தான் பிடித்தேன்.

முதலில் காண்ட்ராக்டர் ஆள். பிளம்பிங், வாட்டர்புரூஃபிங், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் ஒருவரையே கேட்கலாம், அது பெரிய நிம்மதி. ஆனால் அவர் வேலையை வேறொருவருக்கு உள்குத்தகை விட்டிருப்பார், அந்த ஆள் யாரென்று வேலை தொடங்கும் அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் குளியலறைச் சுவரில், வாசலில் கிடந்த மணலையும் சிமெண்டையும் குழைத்தே விட்ரிஃபைட் டைல்ஸை ஒட்டிவிட்டார்கள். அந்த வகை டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் சாதாக் கலவைக்குப் பிடிப்பு கிடைப்பது கஷ்டம், அடெசிவ் என்கிற டைல்ஸ் பசைதான் வேண்டும். எட்டே மாதத்தில் ஒன்று கழன்று விழுந்தது. கேட்டதற்கு "டைல்ஸ் சரியில்லை சார்" என்றார்கள்.

கடைக்காரர் அனுப்புகிறவர் இந்த விஷயத்தில் தேறியவர். 4x2 அடி டைல்ஸைத் தினமும் கையாளுகிறவர் என்பதால், டைல்ஸை ஒரே மட்டத்தில் பிடிக்கிற லெவலிங் கிளிப், சமமாக இடைவெளி விட வைக்கிற ஸ்பேசர் எல்லாம் அவர் பையிலேயே இருக்கும். ஒட்டுவதற்கு முன் எல்லாப் பெட்டியிலும் ஷேட் நம்பர் (நிறச் சாயலைக் குறிக்கிற எண்) ஒன்றா என்று பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். பார்க்கிறவர் என்றால் பாதி நம்பலாம். கோளாறு வந்தால் மட்டும் கடை கைகழுவிவிடும், "ஆளைத்தான் காட்டினோம், வேலைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்பார்கள். சிலர் கமிஷனையும் உங்கள் கூலியிலேயே சேர்த்திருப்பார்கள், அதனால் நம்பரை வாங்கிக்கொண்டு நேராகப் பேசுங்கள்.

ஏரியா மேஸ்திரியின் பலம் வாட்டம், அதாவது தரையின் சரிவு. குளியலறையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் மூலையில் தேங்காமல் நேராக டிராப்புக்கு (தண்ணீர் வெளியேறும் வாய்க்கு) ஓட வேண்டும், அதைக் கண்ணாலேயே பிடிக்கிற பழைய கைகள் இன்னும் இருக்கின்றன. பழைய பழக்கங்களும் கூடவே வரும். டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை உருண்டையாகக் கலவை வைப்பார், இடையில் எல்லாம் காலி, கனமாக ஏதாவது விழுந்தால் அந்த இடம்தான் விரிசல் விடும். இடைவெளி விடச் சொன்னால் "ஜாயிண்ட் தெரியாமப் போட்டாத்தானே அழகு" என்பார். 2 மில்லி ஸ்பேசரை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சண்டை மிச்சம். அப்புறம், நடுவில் இரண்டு நாள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார், அதற்கும் தயாராக இருங்கள்.

ஆப்பில் புக் செய்வது ஒன்றிரண்டு உடைந்த டைல்ஸ் மாற்றச் சரி, முழு வீட்டுக்கு நான் துணிய மாட்டேன்.

யாராக இருந்தாலும் அவர் போட்ட ஹாலைப் பார்க்காதீர்கள், புதுசில் எல்லா ஹாலும் பளபளக்கும். இரண்டு மூன்று வருஷம் முன்பு போட்ட குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் ஊற்றுங்கள், நாணயத்தால் தட்டுங்கள், டொப் டொப்பென்று கேட்டால் அடியில் காலி. காட்டத் தயங்குகிறவரை அப்படியே விட்டுவிடலாம். கூலி பேசும்போதே ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டுகிற பட்டை), மூலை சேர 45 டிகிரி கட்டிங், குரௌட் (இடைவெளியை அடைக்கிற பூச்சு) இதெல்லாம் அந்த ரேட்டில் அடக்கமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கடைசி நாள் சண்டை இதில்தான்.

இரண்டாவது முறை நான் பிரித்துக் கொடுத்தேன்: ஹாலுக்குக் கடைக்காரர் ஆள், குளியலறைக்கு ஏரியா மேஸ்திரி, அடெசிவ் மூட்டை மட்டும் நானே வாங்கினேன். வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழே கசிவில்லை என்று பார்த்த பிறகே டைல்ஸைத் தொடவிட்டேன். மேஸ்திரிக்குக் கொஞ்சம் கோபம். கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, தட்டிப் பார்த்து முடித்ததும் கொடுத்தேன். அதற்கும் கோபம்தான், ஆனால் சத்தம் மாறிய இரண்டு டைல்ஸை அவரே பெயர்த்து மாற்றிவிட்டுத்தான் போனார்.