அரசாணையா, சட்டமா: இரவுக் கடைகளுக்கு இரு வழிகள்

கடைகள் இரவு முழுவதும் இயங்குவதைத் தமிழ்நாடு அரசாணையின் மூலமும், மகாராட்டிரம் தனிச் சட்டத்தின் மூலமும் அனுமதிக்கின்றன.

தமிழ்நாட்டில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என 2019 மே மாதத்தில் பிறப்பிக்கப்பட்ட அரசாணை 3 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், 2022இல் அதை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் நிபந்தனைகள் தெளிவானவை: நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, சுழற்சி முறையில் வார விடுமுறை, இரவு 8 மணிக்குப் பின் பெண்கள் பணியாற்ற அவர்களுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல். அன்றாடம் விடுப்பில் இருப்போரின் விவரத்தைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஓய்வு மறுக்கப்பட்ட பணியாளருக்கு அதுவே கண்கூடான சான்று.

மகாராட்டிரத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காலாவதி இல்லை. பெண்களுக்கான நேர வரம்பு அங்கே இரவு 9.30 மணி. முதலீடு செய்யும் வணிகருக்கு இந்த நிலைத்தன்மையே மேலானது என்பது என் கருத்து. எனினும், மதுக்கடைகள் போன்றவை நீங்கலாகப் பிற கடைகள் இரவிலும் இயங்கலாம் என்பதை 2025 அக்டோபரில் அம்மாநில அரசு மீண்டும் ஒருமுறை தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.