தேரிக்காட்டில் மூணு தடவை நடந்த ஷூ

பாளையங்கோட்டையில் 2,899 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். சாம்பல் நிறம், எட்டாம் நம்பர், மேல்பக்கம் பூராவும் வலை போட்ட ட்ரெக்கிங் ஷூ. மலையேறப் போகிறவர்கள் இதை ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்குப் போட்டுப் போனவர் ஒருத்தரும் எழுதக் காணோம், அதான் நான் எழுதுகிறேன்.

முதல் தடவை போன டிசம்பரில். கற்குவேல் அய்யனார் எங்கள் குலதெய்வம். அவர் கோயில் திருவிழாவான கள்ளர்வெட்டு முடிந்த மறுநாள் விடியக்காலையில் சித்தப்பாவோடு குதிரைமொழித் தேரிக்குள் நடந்தேன். சுமார் 12,000 ஏக்கர் செம்மணல் காடு. காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். மழை பெய்து மணல் இறுகிக் கிடந்தது. ஷூ அருமையாகப் பிடித்தது. கொடுத்த காசுக்குத் தகும் என்று நினைத்தேன்.

மாசியில் தெரிந்தது சேதி. காய்ந்த தேரி மணல் மாவு மாதிரி. கணுக்கால் வழியாகக்கூட வரவில்லை, வலைக்குள் சலித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்குகிறது. அரை மணி நேரத்தில் விரல் மடக்க இடமில்லை. கழற்றிக் கொட்டினால் ஒரு காலுக்கு ஆழாக்கு மண். டயர் செருப்பு போட்ட சித்தப்பா திரும்பிப் பார்த்து, "ஏலே, காட்டையே கால்ல கட்டிட்டு வாரியோ?" என்றார். அவர் செருப்பில் புகுந்த மணல் அடுத்த எட்டிலேயே வெளியே போய்விடுகிறது.

கற்காலத்துச் சின்னக் கல்கருவிகள் கிடைத்த மண் இது. மண்ணைக் கொட்ட உட்காரும்போதெல்லாம் கண் தரையில்தான் மேயும். கண்ணில் பட்டாலும் தொடக் கூடாது என்பது சித்தப்பா உத்தரவு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம்: அடிப்பாகம். உடைமரத்து வெள்ளை முள், விரல் நீளம் இருக்கும், நட்டுக்குத்தலாக ஏறியது. வீட்டுக்கு வந்து கட்டிங் பிளேயர் வைத்துத்தான் பிடுங்கினேன். உள்ளே வரவே இல்லை. அதே முள் போன வருஷம் என் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி ஒரு வாரம் நொண்ட வைத்தது.

பங்குனியில் முழங்கால் வரைக்கும் ஃபுட்பால் சாக்ஸ் போட்டுப் பார்த்தேன். மணல் கொஞ்சம் குறைந்தது, கால் வெந்துபோனது. பதநீர் குடித்துவிட்டுப் பாதியில் திரும்பினோம். மணலில் ஒட்டியிருப்பது இரும்புத் துரு, அதனால் சாக்ஸில் ஏறிய காவி நிறம் மூணு துவைப்புக்கும் போகவில்லை.

கடையில் போய்ச் சொன்னேன். "மணல்ல நடக்கவா வாங்குனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் கடைப் பையன். கேள்வி நியாயம்தான்.

அஞ்சுக்கு ரெண்டரை, அதுவும் அடிப்பாகத்துக்காக. தேரிக்கு வாங்குகிறவர்கள் இதே கனத்த அடி, மேலே தோலோ கெட்டி கேன்வாஸோ இருப்பதாகப் பாருங்கள். ஆடி மாசம் மட்டும் எதைப் போட்டும் போகாதீர்கள், காற்றில் மேடே இடம் மாறும்.

உள்மெத்தையைத் தூக்கினால் இன்னமும் மண் உதிர்கிறது. கள்ளர்வெட்டு அன்று பிடி மண் எடுத்து வந்து வீட்டில் வைப்பது எங்கள் வழக்கம். "அய்யனார் மண்ணுல, சாக்கடையில கொட்டிராத" என்கிறாள் அம்மா. செம்பருத்தித் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.