முதல்நிலை மருத்துவர்களுக்கான ஒரு தொடர்கல்விச் சேவை: ஓராண்டு அனுபவம்

தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்குத் தொடர் மருத்துவக் கல்வியையும், கிளினிக்கின் அன்றாட நடைமுறைகளைச் சீர்செய்யும் உதவியையும் சேர்த்து வழங்கும் இணையவழிச் சேவை ஒன்றில் ஓராண்டாக உறுப்பினராக இருக்கிறேன். இதே வடிவில் பல சேவைகள் இயங்குவதால், பெயரைச் சொல்வதைவிட, இத்தகைய சேவையில் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று சொல்வதே பயனுள்ளது எனக் கருதுகிறேன். வாரந்தோறும் நோயாளர் குறித்த கலந்துரையாடல், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நம் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து தரும் அறிக்கை, பதிவுசெய்த விரிவுரைகள் ஆகிய மூன்றும் இந்தச் சேவையில் அடங்கும். முதல் இரண்டுக்காகத்தான் நான் இதில் நீடிக்கிறேன்.

கலந்துரையாடல் ஒரு மணி நேரம் நடக்கிறது. மருத்துவர்கள் இருவர் தத்தம் நோயாளி ஒருவரைப் பற்றி, பெயரோ அடையாளமோ வெளிப்படாமல் எடுத்துரைக்க, முதலில் சக மருத்துவர்கள் கேள்வி கேட்கிறார்கள். நிபுணர்கள் கடைசியில்தான் பேசுகிறார்கள். இந்த வரிசை முக்கியமானது. நிபுணர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை என்பதை வேறு பல கூட்டங்களில் கண்டிருக்கிறேன். இந்த முறைக்கு முன்னோடி, 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய ‘புராஜெக்ட் எக்கோ’. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி கண்ட நோயாளிகள் அவருடைய கிளினிக்கில் இடம் கிடைப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததால், அந்தச் சிகிச்சையைத் தொலைவில் உள்ள முதல்நிலை மருத்துவர்களே தருவதற்கு அவர் வாரந்தோறும் காணொளி வழியே வழிகாட்டினார். 2011இல் வெளியான ஆய்வின்படி, பல்கலைக்கழக கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதத்தினரிடமும், தொலைவிடங்களிலும் சிறைகளிலும் இம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதத்தினரிடமும் வைரஸ் நீங்கியிருந்தது. நிபுணரிடம் போக முடியாத நோயாளிக்கும் அதே தரத்தில் சிகிச்சை கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

நான் எடுத்துரைத்த நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் புகைபிடித்தவர். நாள்பட்ட மூச்சடைப்பு நோய் என்று கருதி இன்ஹேலர் கொடுத்திருந்தேன். மூச்சிரைப்பு குறையாததால் இரண்டு முறை மருந்தை மாற்றிவிட்டு, மூன்றாவதாக எதைச் சேர்க்கலாம் என்று கேட்பதற்காகத்தான் அன்று பேசினேன். சக மருத்துவர் ஒருவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: “ஸ்பைரோமெட்ரி செய்தீர்களா? அவர் இன்ஹேலரை எப்படி எடுக்கிறார் என்று நேரில் பார்த்தீர்களா, டாக்டர்?” ஸ்பைரோமெட்ரி என்பது ஊதச் செய்து நுரையீரலின் காற்றோட்டத்தை அளக்கும் பரிசோதனை. இரண்டையும் நான் செய்திருக்கவில்லை. அடுத்த முறை நோயாளி வந்தபோது, இன்ஹேலரைத் தம் முன்னாலேயே எடுத்துக் காட்டும்படி எங்கள் செவிலியர் கேட்டார். நோயாளி அதைக் குலுக்கவில்லை. முதலில் அழுத்திவிட்டு அதன் பிறகே மூச்சை இழுத்தார். மருந்தில் பாதி வெண்புகையாக உதட்டோரம் வெளியேறியதை நான் என் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டே அழுத்தி, பத்து விநாடி அடக்கிவைக்கும்படி செவிலியர் பழக்கினார், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயும் கொடுத்தோம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின் எடுத்த ஸ்பைரோமெட்ரியில், முதல் விநாடியில் ஊதிய காற்றுக்கும் மொத்தமாக ஊதிய காற்றுக்கும் உள்ள விகிதம் 0.7க்குக் கீழே இருந்ததால் நோய் உறுதியானது. நான் கண்டறிந்த நோயும் சரி, முதலில் எழுதிய மருந்தும் சரி. மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எத்தனை விரிவுரை கேட்டிருந்தாலும் இது எனக்குத் தெரியவந்திருக்காது, ஏனென்றால் இன்ஹேலரை எடுக்கும் முறை பற்றிய பாடத்தை நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

காலாண்டு அறிக்கையும் அப்படித்தான் என்னைத் திருத்தியது. சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை செய்துவருவதாக நம்பியிருந்தேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று அநேகமாக எல்லோருக்கும் பார்த்திருந்தேன். ஆனால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைப் பாதிப் பேருக்குக்கூடச் செய்திருக்கவில்லை என்று அறிக்கை காட்டியது. சிறுநீரகம் பழுதடைவதை ரத்தப் பரிசோதனைக்கு முன்பே பலரிடம் காட்டிக்கொடுப்பது அந்த அல்புமின்தான். சேவையின் நடைமுறை ஆலோசகர் கிளினிக்குக்கு வந்து அரை நாள் உட்கார்ந்து கவனித்தார். நான் பரிசோதனையை எழுதித்தான் கொடுக்கிறேன், நோயாளி அறையை விட்டு வெளியேறியதும் சிறுநீர் கொடுக்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பதிவு செய்யும் மேசையிலேயே, எடை பார்ப்பதற்கு முன்பாக, மாதிரிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பயன் அந்த அரை நாள்தான்.

அறிக்கையில் குறைகளும் உண்டு. வேறு இடங்களுக்குப் போய்விட்ட நோயாளிகளை என் கணக்கிலிருந்து நீக்கும்படி பலமுறை எழுதியும், அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளிலும் அவர்கள் இடம்பெற்றார்கள். எண்களைத் தருகிறார்களே தவிர, அடுத்த காலாண்டுக்குள் எதை எட்ட வேண்டும் என்ற இலக்கைத் தருவதில்லை. இது சிறிய குறையன்று. இத்தகைய அறிக்கைகள் பற்றிய 140 ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட மதிப்பாய்வில், நடைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றத்தின் இடைநிலை மதிப்பு 4.3 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. தெளிவான இலக்கும் செயல்திட்டமும் சேர்த்து, ஒரு முறைக்கு மேல், வாய்மொழியாகவும் எழுத்திலும் தரும்போது பலன் கூடுவதாகவும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆலோசகரின் வருகை இல்லாமல் அறிக்கையை மட்டும் மின்னஞ்சலில் பெறும் மலிவான சந்தாவும் இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விரிவுரைகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேச்சாளர்கள் தேர்ந்தவர்கள், மருந்து நிறுவனங்களின் நிதி பெறுவதில்லை என்பது நிம்மதி தருகிறது. ஆனால் காணொளியைப் பார்க்காமலே கடைசிக்குத் தாவி, ஐந்து கேள்விகளுக்கு விடையளித்துக் கல்விப் புள்ளிகளைப் பெற்றுவிடலாம். அதே வேளையில், ஒரு மாலை முழுவதும் பதிவேடுகளைப் புரட்டி நோயாளியின் வரலாற்றைத் தயாரித்துக் கலந்துரையாடலில் முன்வைக்கும் மருத்துவருக்கு, வெறுமனே உட்கார்ந்து கேட்பவருக்குக் கிடைக்கும் புள்ளிதான் கிடைக்கிறது. தன் தடுமாற்றத்தைச் சக மருத்துவர்கள் முன் திறந்து வைப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை மதிக்காத புள்ளி முறையை மாற்றியே ஆக வேண்டும். எடுத்துரைத்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை என்பதும் எனக்கு வருத்தம். இன்ஹேலர் கதையின் முடிவை நானாக வலியப் போய்த்தான் சொன்னேன்.

சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். ஆனால் உறுப்பினர் இடம் மருத்துவருக்கு மட்டும்தான்; அந்த நோயாளியின் பிழையைக் கண்டு திருத்திய செவிலியருக்குக் கலந்துரையாடலில் இடமில்லை. அவருக்கும் ஓர் இடம் தரும்படியும், அதற்கான கட்டணத்தை நானே செலுத்துவதாகவும் புதுப்பித்த அன்றே எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அதுவரை, கலந்துரையாடல் நடக்கும் புதன்கிழமைகளில் மடிக்கணினியைச் சற்றுத் திருப்பி வைத்து இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.